சிங்கப்பூர்ல வேலையில அடிபட்டா கம்பெனி எப்படி நடந்துக்கும்: தம்பிங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் துவாஸ்ல ஒரே கம்பெனில 11 வருஷம் பைப் ஃபிட்டரா இருந்தேன், ஊரு பட்டுக்கோட்டை பக்கம். 2019-ல செயின் பிளாக்ல, அதாவது பாரம் தூக்குற சங்கிலி கப்பில, தொங்குன பைப் நழுவி இடது கை நசுங்கிடுச்சு, ரெண்டு விரல் இன்னைக்கும் மடங்காது. அதுக்கப்புறம் நான் பட்டதையும் கூட இருந்த பசங்க பட்டதையும் பார்த்துட்டு, ஊர்லேருந்து புதுசா போற தம்பிங்க போன் பண்ணி அதே கேள்வியத்தான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா மொத்தமா இங்க எழுதிட்டேன். இது ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ்னு வெளிநாட்டு ஆளுக்கு குடுக்குற வேலை அனுமதில இருக்குறவங்களுக்காக எழுதுனது.

ஒரே கம்பெனில 10 வருஷத்துக்கு மேல இருக்கேன், அடிபட்டா கம்பெனி கைவிடாது தானே?

இந்த கேள்வியத்தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஞாயித்துக்கிழமை கூப்டாலும் போவேன், தீபாவளிக்கு 3 தடவ லீவு போடாம ஷட்டவுன் வேலை முடிச்சு குடுத்திருக்கேன், புது பசங்களுக்கு வேலை கத்துக் குடுத்திருக்கேன், மொதலாளி பேர் சொல்லி கூப்டுவாரு. கை நசுங்குன மூணாவது நாள் ஸ்டோர்ல ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வச்சாங்க, ஆறாவது மாசம் பெர்மிட் கேன்சல்.

தம்பி, நீ எத்தன வருஷம் வேலை பார்த்தங்குறது இன்சூரன்ஸ் ஃபார்ம்ல எங்கயும் கிடையாது. 1 மாசம் வேலை பார்த்தவனுக்கும் 15 வருஷம் பார்த்தவனுக்கும் சட்டத்துல ஒரே உரிமைதான். அது ஒரு வகையில நல்லது, ஏன்னா நேத்து வந்த பையனுக்கும் முழுசா கிடைக்கும். ஆனா 10 வருஷம் உழைச்சதை நெனச்சு கம்பெனி தானா பார்த்துக்கும்னு எழுத வேண்டியதை எழுதாம, சொல்ல வேண்டியதை சொல்லாம விட்டுடுறோம் பாரு, பழைய ஆளுங்க பணத்தை விடுறது அங்கதான். புதுப் பையன் பயந்துபோய் நாலு பேரக் கேப்பான். பழைய ஆளு நம்பிக்கிட்டு சும்மா இருப்பான்.

எந்த சட்டம் நமக்கு பாதுகாப்பு?

வேலைக் காய இழப்பீட்டு சட்டம், எல்லாரும் விக்கான்னு சொல்லுவாங்க. இப்ப இருக்குறது 2019-ல போட்டது, 2020 செப்டம்பர் 1-லேருந்து அமல்ல இருக்கு. எந்த நாட்டுக்காரனா இருந்தாலும், சம்பளம் எவ்வளவா இருந்தாலும், கம்பெனிக்கு கீழ வேலை பார்க்குற ஆளுக்கு இது உண்டு. கை வேலை பார்க்குற எல்லாருக்கும் கம்பெனி கட்டாயம் இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும், அந்த காசை உன் சம்பளத்துல புடிக்கக் கூடாது. இன்சூரன்ஸ் எடுக்காம விட்டா 10,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரைக்கும் அபராதம், 12 மாசம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துலயே இருக்கு. எடுக்கலன்னாலும் காசு குடுக்க வேண்டியது கம்பெனிதான், இன்சூரன்ஸ் இல்லப்பான்னு சொல்லி தப்பிக்க முடியாது.

என் கவனக்குறைவுனாலதான் அடிபட்டுச்சு, காசு கிடைக்குமா?

கிடைக்கும். விக்கால யாரு தப்புன்னே பார்க்க மாட்டாங்க. வேலைனால, வேலை நேரத்துல அடிபட்டுச்சா, அவ்வளவுதான் கேள்வி. குடிச்சிருந்தா, போதை மருந்து போட்டிருந்தா, அடிதடி பண்ணி பட்டிருந்தா, வேணும்னே கைய குடுத்திருந்தா கிடைக்காது. அதைத் தவிர கையுறை போடலங்குறதுக்காகவோ ஏணிய சரியா வைக்கலங்குறதுக்காகவோ உரிமை போகாது. கம்பெனி லாரில சைட்டுக்கு போகும்போது வரும்போது ஆக்சிடெண்ட் ஆனாலும் இதுலயே வரும்.

ஆனா சேஃப்டி ஆபீசர் வந்து "நீ ரூல் மீறிட்ட, கேஸ் போட்டா உனக்குத்தான் அபராதம்"னு மிரட்டுனா நாம பயந்துடுறோம், ஏன்னா உள்ளுக்குள்ள நமக்கே தோணும் நம்ம தப்புதான்னு. எனக்கும் தோணுச்சு. அந்த செயின் பிளாக் சரியில்லைன்னு ஒரு வாரமா தெரியும், புதுசு கேட்டா வேலை நிக்கும்னு நானே சமாளிச்சுக்கிட்டேன். இதுல பாரு, கம்பெனிக்கு நஷ்டம் வரக் கூடாதுன்னு பழுதான சாமானோட வேலை பார்த்தவன்தான் அடிபட்ட பிறகு தப்பு பண்ணவன் ஆகுறான். 2021 பிப்ரவரி 24-ல துவாஸ்ல மாவு கலக்குற மாதிரி ஒரு மெஷின் வெடிச்சு 3 பேர் செத்தாங்களே, நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் அதுல போயிட்டாரு, இன்னும் பல பேருக்கு கடுமையான தீக்காயம். அந்த மெஷின்ல முன்னாடியே எண்ணெய் ஒழுகி, புகை வந்து, சின்னதா தீயும் புடிச்சிருக்குன்னு விசாரணைல வெளிய வந்துச்சு. அத்தனைக்கப்புறமும் அந்த மெஷின்லதான் வேலை நடந்துச்சு. அதனால "என் தப்பு"ன்னு உன் வாயால எங்கயும் சொல்லாத, எழுதியும் குடுக்காத. நடந்ததை நடந்தபடி சொல்லு, போதும்.

அடிபட்ட உடனே முதல்ல என்ன பண்ணணும்?

முதல்ல வைத்தியம், மத்ததெல்லாம் அப்புறம். ஆனா வைத்தியம் பார்க்கும்போதே செய்ய வேண்டிய சில வேலை இருக்கு. சூப்பர்வைசர்க்கு வாய்ல சொல்றதோட விடாம வாட்ஸ்அப்ல ஒரு வரி போட்டுடு, இன்னைக்கு இத்தன மணிக்கு இந்த இடத்துல இப்படி அடிபட்டுச்சுன்னு, தமிழ்ல போட்டாலும் பரவால்ல, தேதியும் நேரமும் அதுல தானா நிக்கும். கூட நின்ன பையன விட்டு இடத்தையும் காயத்தையும் போட்டோ எடுக்கச் சொல்லு. பார்த்தவன் பேரு, நம்பர் வாங்கி வை, ஏன்னா 3 மாசம் கழிச்சு அவன் வேற சைட்டுக்கு போயிருப்பான், இல்ல கம்பெனிக்கு பயந்து நான் பார்க்கலம்பான், அவனைக் குத்தம் சொல்லியும் பிரயோசனம் இல்ல, அவனுக்கும் ஏஜெண்ட் கடன் இருக்கும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். ஆஸ்பத்திரில டாக்டர் "எப்படி ஆச்சு"ன்னு கேக்கும்போது நீயே பதில் சொல்லு. கூட வந்த சூப்பர்வைசர் இங்கிலீஷ்ல ஏதோ சொல்லுவாரு, டாக்டர் எழுதிக்குவாரு, நமக்கு புரியாது. டார்மெட்ரில, அதாவது நாம தங்குற எடத்துல, படில வழுக்கிட்டான், ஃபுட்பால் ஆடும்போது விழுந்துட்டான்னு எழுதிட்டா அப்புறம் அந்த ஒரு வரிய வச்சே இது வேலைல பட்ட அடி இல்லைன்னு வாதாடுவாங்க. சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சி மொழி தம்பி, பெரிய ஆஸ்பத்திரி எதுலயும் தமிழ் பேசுற நர்ஸ் ஒருத்தராவது இருப்பாங்க, "தமிழ்ல சொல்லணும்"னு கேளு. வெக்கப்படாத.

கம்பெனி கிளினிக்ல 2 நாள் எம்சி (மெடிக்கல் லீவு சீட்டு) குடுத்துட்டு அப்புறம் லைட் டூட்டின்னு எழுதுறாங்களே, ஏன்?

எனக்கும் இதேதான் நடந்துச்சு, கம்பெனி வழக்கமா கூட்டிட்டுப் போற ஒரு கிளினிக்ல தையல் போட்டு, 2 நாள் எம்சி, அப்புறம் லைட் டூட்டி. எலும்பு உடைஞ்சிருக்குறதே ரெண்டாவது வாரம்தான் தெரிஞ்சுச்சு, அதுவும் ரூம்ல இருந்த ஒரு அண்ணன் வலி தாங்காம நான் முனகுறதைப் பார்த்துட்டு ராத்திரியோட ராத்திரியா பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனதுனால.

ஏன் 2 நாள்னா, அப்ப இருந்த ரூல்படி 3 நாளைக்கு மேல எம்சி போனாத்தான், இல்ல ஆஸ்பத்திரில 24 மணி நேரம் படுத்தாத்தான் கம்பெனி மனிதவள அமைச்சுக்கு, அதாவது எம்ஓஎம்முக்கு ரிப்போர்ட் பண்ணணும். ரிப்போர்ட் போனா விசாரணை வரும், கம்பெனி ரெக்கார்டு கெடும், டெண்டர்ல கேப்பாங்க, தப்பு இருந்தா புள்ளி விழும், புள்ளி சேர்ந்தா புதுசா வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாது. அதனால ஆளு ஸ்டோர்ல தூங்குனாலும் பரவால்ல, "வேலைக்கு வந்தான்"னு கணக்கு காட்டணும். இந்த ஓட்டைய 2020 செப்டம்பர் 1-ல அடைச்சாங்க. இப்ப ஒரு நாள் எம்சி குடுத்தாலும், வெறும் லைட் டூட்டி குடுத்தாலும், கம்பெனிக்கு தெரிஞ்ச நாள்லேருந்து 10 நாளுக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும். லைட் டூட்டி நாளுக்கும் உன் சராசரி சம்பளத்தை கணக்கு வச்சுத்தான் காசு.

டாக்டர் மேலயும் நடவடிக்கை உண்டு. கட்டட வேலைல கை உடைஞ்சு ஆபரேஷன் பண்ண ஒரு தொழிலாளிக்கு 2 நாள் எம்சி மட்டும் குடுத்து லைட் டூட்டிக்கு அனுப்புன ஒரு டாக்டரை 2016-ல சிங்கப்பூர் ஹைகோர்ட் 6 மாசம் சஸ்பெண்ட் பண்ணுச்சு. அந்த தீர்ப்பு வந்த சேதி டார்மெட்ரி பூரா பரவுச்சு, எனக்கு அப்ப அது பெருசா தெரியல, அடிபட்டப்புறம்தான் அதோட அருமை புரிஞ்சுச்சு. கிளினிக்ல குடுத்த எம்சி போதலன்னு உனக்கு உடம்புல தெரிஞ்சா நேரா அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போ, கம்பெனி பெர்மிஷன் தேவையில்ல.

எம்சில இருக்குற நாளுக்கு எவ்வளவு சம்பளம் வரும்?

வீட்ல இருந்து ரெஸ்ட் எடுக்குற சாதா எம்சின்னா முதல் 14 நாளுக்கு முழு சம்பளம், ஆஸ்பத்திரி லீவுன்னு எழுதியிருந்தா 60 நாள் வரைக்கும் முழு சம்பளம், அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு, அடிபட்ட நாள்லேருந்து 1 வருஷம் வரைக்கும். வழக்கமா சம்பளம் போடுற தேதிலயே இதையும் போட்டுடணும், கேஸ் முடியட்டும் பார்ப்போம்னு இழுக்கக் கூடாது.

இங்கதான் பெரிய ஏமாத்து நடக்கும். முழு சம்பளம்னா பேசிக் இல்ல. அடிபடுறதுக்கு முன்னாடி 12 மாசம் நீ வாங்குனதோட சராசரி, ஓவர்டைமும் சேர்த்து. எனக்கு அப்ப ஒரு நாளைக்கு 24 வெள்ளி பேசிக், 26 நாளுக்கு 624 வெள்ளி. ஓவர்டைம் சேர்ந்து சராசரியா 1,050 வெள்ளி கைக்கு வரும். கம்பெனி 624-ஐ வச்சே எம்சி காசு போட்டுச்சு. மாசம் 400 வெள்ளிக்கு மேல வித்தியாசம் பாரு, பின்னாடி வர பெரிய தொகையும் இதே சராசரிய வச்சுத்தான் கணக்கு போடுவாங்க, ஆக இதுல ஏமாந்தா எல்லாத்துலயும் ஏமாந்த மாதிரி. பே ஸ்லிப் விவரமா குடுக்கணும்னு 2016 ஏப்ரல்லேருந்து சட்டம் இருக்கு. மாசாமாசம் கேட்டு வாங்கு, வாங்கி பத்திரமா வை.

ஆபரேஷன் செலவு யாரு கட்டணும்?

கம்பெனிதான். விக்கால 1 வருஷம் வரைக்கும் 45,000 வெள்ளி வரை இருந்துச்சு, 2025 நவம்பர் 1-லேருந்து நடக்குற விபத்துக்கு 53,000 வெள்ளி வரை. அதுக்கு மேல போனாலும் ஒர்க் பெர்மிட் ஆளோட வைத்தியச் செலவு கம்பெனி பொறுப்புதான், அதுக்குன்னு தனி மெடிக்கல் இன்சூரன்ஸும் கட்டாயம். ஆபரேஷனுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில, செலவை கம்பெனி கட்டும்னு எழுதிக் குடுக்குற கேரண்டி லெட்டர் கேப்பாங்க, அதை சில கம்பெனி வேணும்னே இழுத்தடிக்கும். இழுத்தா எம்ஓஎம்ல சொல்லு, இல்ல கீழ சொல்ற உதவி அமைப்புல சொல்லு, அவங்க போன் பண்ணாலே பாதி கம்பெனி குடுத்துடும்.

ஒரு பேப்பர்ல கையெழுத்து கேக்குறாங்க, போடலாமா?

புரியாத எதுலயும் போடாத. "எனக்கு எந்த பாக்கியும் இல்ல, எந்த கிளைமும் இல்ல"ன்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி வச்சிருப்பாங்க. அப்படி போட்டுட்டன்னாலும் பதறாத, இந்த சட்டம் குடுக்குற உரிமைய எழுதி வாங்கி ரத்து பண்ண முடியாது, அந்த பேப்பர் செல்லாது. ஆனா அதைக் காட்டி உன்னை அலைய விடுவாங்க. போட்டே ஆகணும்னு நெருக்குனா போட்டோ எடுத்துக்கிட்டு, "ஆள் கேட்டுட்டு நாளைக்கு போடுறேன்"னு சொல்லு.

பாயிண்ட்னு சொல்றாங்களே, அது என்ன? எவ்வளவு கிடைக்கும்?

காயம் ஆறுனதுக்கு அப்புறமும் நிரந்தரமா எவ்வளவு ஊனம் நிக்குதுன்னு டாக்டர் சதவீதம் போடுவாரு, அதைத்தான் பசங்க பாயிண்ட்னு சொல்றது. உன் சராசரி சம்பளம், உன் வயசுக்கு உள்ள ஒரு பெருக்கு எண், இந்த சதவீதம் மூணையும் பெருக்குனா வரதுதான் தொகை. அதுக்கு கீழ் வரம்பு மேல் வரம்பு இருக்கு. முழு ஊனத்துக்கு 97,000 வெள்ளிலேருந்து 2,89,000 வெள்ளி வரை இருந்துச்சு, 2025 நவம்பர் 1-லேருந்து நடக்குற விபத்துக்கு 1,16,000-லேருந்து 3,46,000. 10 பாயிண்ட் வந்தா அதுல பத்துல ஒரு பங்கு, அதாவது இப்ப குறைஞ்சது 11,600 வெள்ளி, அதிகபட்சம் 34,600. எனக்கு 12 பாயிண்ட் வந்துச்சு.

இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குப் போட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பும். அதுல சம்பளம் தப்பா இருந்தாலோ பாயிண்ட் கம்மின்னு தோணுனாலோ 14 நாளுக்குள்ள எதிர்ப்பு எழுதிக் குடுக்கணும். 15-வது நாள் போனா கதை முடிஞ்சுது. யாரும் எதிர்க்கலன்னா நோட்டீஸ் வந்த நாள்லேருந்து 21 நாளுக்குள்ள காசு வந்துடணும்.

மொதலாளி நல்லவரு, எனக்கு நெறைய செஞ்சிருக்காரு, கேஸ் போட்டா துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வி கேக்குற ஒவ்வொருத்தன்கிட்டயும் நான் நிதானமாத்தான் பேசுவேன், ஏன்னா இதைக் கேக்குறவன் நல்லவன். என் மொதலாளியும் மோசமான ஆளு இல்ல, என் தங்கச்சி கல்யாணத்துக்கு 2,000 வெள்ளி அட்வான்ஸ் குடுத்தாரு, மாசம் 100-ன்னு புடிச்சுக்கிட்டாரு, ஒரு வார்த்தை கேக்கல. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு வளர்ந்த ஆளுங்க நாம, எப்படி அவருக்கு எதிரா எம்ஓஎம்ல போய் நிக்கிறதுன்னு 3 வாரம் தூங்கல.

அப்புறம் ஒருத்தர் எனக்கு வெளக்கமா சொன்னாரு, நீ கேக்குறது மொதலாளி பாக்கெட்ல இருந்து இல்லடா, இன்சூரன்ஸ்காரன்கிட்ட, அதுக்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்டியாச்சு, உன் பேருக்கு கட்டுனதை நீ வாங்காம விட்டா அது மொதலாளிக்கும் போகாதுன்னு. அதோட இது வழக்கு மாதிரியும் இல்ல, கிளைம்தான். அப்படின்னா கம்பெனி ஏன் இவ்வளவு தடுக்குதுன்னு கேப்ப. பிரீமியம் ஏறும், ரிப்போர்ட் போகும், விசாரணைல பழுதான செயின் பிளாக் வெளிய வரும், வேலை செய்யாத ஆளுக்கு பெட் காசு, லெவி (வெளிநாட்டு ஆளுக்காக கம்பெனி அரசாங்கத்துக்கு கட்டுற வரி) ஓடும். மொதலாளிக்கு என் மேல இருந்த பிரியம் நெசம்தான், ஆனா இந்தக் கணக்கும் நெசம், அடிபட்ட அன்னைக்கு அவரு கணக்குப் பக்கம் போயிட்டாரு. போன் எடுக்கறத நிறுத்திட்டாரு, ஹெச்ஆர் அக்கா மூலமா மட்டும்தான் பேச்சு. 11 வருஷம் பேர் சொல்லி கூப்ட ஆளு ஆபீஸ் வாசல்ல பார்த்துட்டு காருக்குள்ள ஏறுனாரு பாரு, கை வலிய விட அது வலிச்சுச்சு, இன்னும் வலிக்குது.

நல்லபடியா நடந்துக்குற கம்பெனியும் இருக்கு, அதையும் சொல்லணும். என்கூட டார்மெட்ரில இருந்த சிவகங்கை பையன், கிரேன் சைட்ல கால் உடைஞ்சவன், அவன் கம்பெனில அன்னைக்கே ரிப்போர்ட் பண்ணி, சூப்பர்வைசர் தினம் ஆஸ்பத்திரிக்கு சாப்பாடு கொண்டுவந்து, கால் சரியானதும் டூல் ஸ்டோர்ல நிரந்தர வேலை குடுத்தாங்க. அந்தப் பையனும் கிளைம் பண்ணான், காசும் வாங்குனான், வேலையும் போகல. கிளைம் பண்றது துரோகம்னு நெனைக்காத கம்பெனியும் உண்டுங்குறதுக்கு சொல்றேன்.

கேஸ் போட்டா பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்களா?

பெர்மிட் கேன்சல் பண்ண முடியும், அதைத் தடுக்க நமக்கு வழி ரொம்ப குறைவு, மறைச்சு சொல்ல விரும்பல. ஆனா கிளைம் பாக்கி இருக்கும்போது உன்னை வலுக்கட்டாயமா பிளேன் ஏத்தக் கூடாது. கேன்சல் பண்ணா ஸ்பெஷல் பாஸ்னு தற்காலிகமா தங்குற அனுமதி கிடைக்கும், கேஸ் முடியற வரைக்கும் இருக்கலாம், அதுவரைக்கும் தங்குற எடம், சாப்பாடு கம்பெனி பொறுப்பு. முன்னாடியெல்லாம் ஆளைப் பூட்டி வச்சு ஏர்போர்ட்டுக்கு கொண்டுபோய் விடறதுக்குன்னே ஏஜென்சி இருந்துச்சு. அப்படி ஒரு நெலம வந்தா சாங்கி ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் செக் பண்ற கவுண்டர்ல ஆபீசர்கிட்ட "எனக்கு வேலைல அடிபட்டிருக்கு, கிளைம் முடியல, நான் போக விரும்பல"ன்னு சொல்லு. அந்த கவுண்டர் வரைக்கும் அமைதியா போய், அங்க சொல்லு. கம்பெனி ஆளு அந்தப் பக்கம் வர முடியாது.

ஸ்பெஷல் பாஸ்ல எப்படி நாள் ஓட்டுறது?

கஷ்டம்தான். வேலை பார்க்கக் கூடாது, திருட்டுத்தனமா பார்த்து மாட்டுனா கேஸும் போயி நீயும் போயிடுவ. நான் 9 மாசம் இருந்தேன். கம்பெனி டார்மெட்ரிலேயே இருந்தா தொல்லை குடுக்குறாங்கன்னு லிட்டில் இந்தியால பசங்களோட ஷேர்ல தங்குனேன். டிடபிள்யூசி2ன்னு ஒரு தன்னார்வ அமைப்பு, 2008-லேருந்து லிட்டில் இந்தியால வேலையில்லாம கேஸோட நிக்குற தொழிலாளிங்களுக்கு இலவசமா சாப்பாடு போடுது, கஃப் ரோடு பிராஜெக்ட்னு பேரு. அந்த வரிசைல நின்ன முதல் நாள் அழுகையே வந்துடுச்சு, மாசாமாசம் வீட்டுக்கு பணம் அனுப்புனவன் தட்டு ஏந்தி நிக்கிறேனேன்னு. பக்கத்துல நின்ன ஒரு பங்களாதேஷ்காரர் தோள்ல தட்டி சிரிச்சாரு, அப்புறம் பழகிடுச்சு. சாப்பாட்டோட கேஸ் விவரமும் அங்கயே சொல்லித் தருவாங்க. ஹோம், ஹெல்த்சர்வ், புலம்பெயர்ந்த ஊழியர் நிலையம் இவங்களும் உதவுவாங்க, ஹெல்த்சர்வ்ல குறைஞ்ச செலவுல டாக்டரும் பார்க்கலாம்.

வக்கீல் வைக்கணுமா?

சாதாரண விக்கா கிளைமுக்கு தேவையில்ல. நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்கு போறது தனி வழி, அதுல தொகை கூட வரலாம், ஆனா கம்பெனி தப்புன்னு நீ நிரூபிக்கணும், 3 வருஷத்துக்குள்ள போடணும், ரெண்டுல ஒண்ணுதான், ரெண்டும் கிடையாது. லிட்டில் இந்தியால தேக்கா பக்கம் கட்டோட நிக்குற ஆளைப் பார்த்ததும் "தம்பி வா, நல்ல வக்கீல் இருக்காரு"ன்னு ஒட்டிக்குறவன்கிட்ட போகாத, அவன் ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்குறவன்.

வீட்டு வேலை பார்க்குற பெண்களுக்கு இது உண்டா?

விக்கா கிடையாது. ஆனா அவங்களுக்கு எஜமானர் தனியா விபத்து இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும், குறைஞ்சது 60,000 வெள்ளிக்கு. ஜன்னல் தொடைக்கும்போது விழுந்த அக்காங்களுக்கு இது இருக்குறதே தெரியாம ஊர் வந்து சேர்ந்தவங்க இருக்காங்க. அவங்க ஹோம் அமைப்பத்தான் முதல்ல கேக்கணும்.

ஆள் இறந்துட்டா குடும்பத்துக்கு என்ன வரும்?

76,000-லேருந்து 2,25,000 வெள்ளி வரை இருந்துச்சு, 2025 நவம்பர் 1-லேருந்து நடக்குற விபத்துன்னா 91,000-லேருந்து 2,69,000 வரை. வயசும் சம்பளமும் வச்சு கணக்கு. ஊர்ல தாசில்தார்கிட்ட வாரிசு சான்றிதழ் உடனே எழுதிக் குடுங்க, அதுதான் லேட்டாகும். உடலைக் கொண்டுவர அயலகத் தமிழர் நலத்துறைலயும் இந்தியத் தூதரகத்துலயும் கேளுங்க. கம்பெனி ஆளு மாலையோட வந்து 5 லட்சம் ரூபா குடுத்து கையெழுத்து கேட்டா, அது அவங்க குடுக்குற உதவி, இன்சூரன்ஸ் பணம் அது இல்ல, தனியா வரணும். ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லி வாங்குனா விடாதீங்க.

ஊருக்கு வந்துட்டேன், இனிமே கேக்க முடியாதா?

அடிபட்ட நாள்லேருந்து 1 வருஷத்துக்குள்ள கிளைம் பண்ணணும். பெர்மிட் கேன்சல் ஆகி ஊர்ல இருந்தாலும் அதுக்குள்ள இருந்தா முடியும். தனியா முட்டி மோதாம மேல சொன்ன அமைப்புல ஒண்ணுக்கு எழுது, தமிழ் தெரிஞ்சவங்க இருக்காங்க. 11 மாசம் ஆயிடுச்சேன்னு யோசிச்சுக்கிட்டே 12-வது மாசத்தையும் விட்டவன் ஒருத்தனை எனக்கு தெரியும், புதுக்கோட்டைல இப்ப டீக்கடைல நிக்கிறான்.

வீட்ல சொல்லணுமா, பயந்துடுவாங்களே?

நான் 2 மாசம் சொல்லல. வீடியோ கால்ல இடது கைய கீழ வச்சுக்குவேன், சம்பளம் கம்மியா வந்ததுக்கு கம்பெனில வேலை இல்லைன்னு பொய் சொன்னேன். கடைசில ரூம்ல இருந்த அண்ணன்தான் போன புடுங்கி என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டாரு. அவ திட்டுனா, அழுதா, அப்புறம் என்ன வேணும்னு கேட்டா. நான் சம்பள விஷயத்தை சொன்னேன், கம்பெனி பேசிக் மட்டும்தான் காட்டுது, ஓவர்டைமுக்கு ஆதாரம் இல்ல, என் போனும் அன்னைக்கே பைப்புக்கு அடியில போயி நொறுங்கிடுச்சு, ஸ்லிப்பெல்லாம் அதுலதான் இருந்துச்சுன்னு. அவ ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் டிங் டிங்னு மெசேஜ் வர ஆரம்பிச்சுது. மாசாமாசம் எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு அனுப்புறேன்னு காட்டுறதுக்காக அவளுக்கு நான் அனுப்புன பே ஸ்லிப் போட்டோ, ஒண்ணு விடாம 14 மாசத்துக்கு அவ போன்ல இருந்துச்சு. எதிர்ப்பு எழுத 6 நாள் பாக்கி இருந்தப்ப அதைத்தான் பிரிண்ட் போட்டு குடுத்தேன், 624-ங்குறது 1,050-ன்னு மாறுச்சு.